துவைக்காத சட்டை

வீடு
பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மனைவியும் உன் மகள் வாண்டும் சுகம். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் சாப்பிட்டது உன் வயிற்றில் தங்குகிறதா? போன தடவை மாதிரி இளைத்துப்போய் வந்து நிற்காதே. உன் பேன்ட்டையெல்லாம் மறுபடி பிடித்துத் தைக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதமும் இரவு ஷிப்ட்தான். அதனால் என் தையல் மிஷினை உங்கள் முன்னறைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன். துணி கொடுக்கிறவர்கள் இங்கேயே வந்து கொடுக்கிறார்கள். கத்தரிக்கும்போது விழுகிற துண்டுகளைப் பொறுக்கி வாண்டு கடை போடுகிறாள். இருக்கிற ஒரே வாடிக்கைக்காரி நான்தான்.

ஒரு செய்தி. கப்பல்காரர் குடும்ப உதவிச் சங்கத்தில் என்னையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். மருந்துக்கடை மாடியில்தானே கூடுகிறார்கள், இருமலுக்கு மருந்து வாங்கப் போனவளை விடவில்லை. கப்பலில் இருப்பவர்கள் வீட்டில் குழாய் உடைந்தால் ஓடி வர ஒரு குழாய்க்காரர், மின்சாரம் போனால் ஒரு வயர்மேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு வேன்காரர் என்று இருக்கிறார்கள். தையலுக்கு ஆள் இல்லையாம். தலைவர், அதான் நம் மருந்துக்கடைக்காரர், "தைக்கத் தெரிஞ்ச ஆளை விடலாமா?" என்று ஒரு மூட்டையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

நீங்கள் கிளம்பும்போது ஆளுக்கொரு சட்டை விட்டுப்போனீர்களாமே, அந்த மூட்டை. சட்டையைச் சின்னத் தலையணையாகத் தைத்து அவரவர் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பிரித்தால் எனக்குத் தலை சுற்றியது. நீங்களெல்லாம் மனிதர்கள்தானா? கப்பலில் சோப்பே கொடுப்பதில்லையா? எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு, கைவலிக்கத் தேய்த்து, இரண்டு தடவை அலசி, இஸ்திரி போட்டுத்தான் கத்தரிக்கோலையே தொட்டேன். பொத்தான்களை அப்படியே விட்டுத் தைத்திருக்கிறேன், பிள்ளைகள் பிடித்து விளையாடட்டும். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கப்போகிறோம். நான் கைதட்டல் வாங்கத் தயாராக இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


கப்பலில்
பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? நீ எழுதியிருப்பாய், ஆனால் தபால் பை இன்னும் எங்களைப் பிடிக்கவில்லை. அதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

சங்கத்தில் என் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாண்டுக்குத் தலையணையாக வரும். மருந்துக்கடைக்காரரின் யோசனை அது. கப்பல் கிளம்புவதற்கு முன்பு துறைமுகத்தில் எல்லோரும் ஒரே சட்டையை மாற்றாமல் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். நான் இஞ்சின் அறையில், சமையல்காரர் அடுப்படியில். ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார முடியவில்லை. துவைக்காமல் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அப்பாவின் வாசனை பிள்ளையின் பக்கத்திலேயே கிடக்குமாம், ஆள் திரும்பி வரும்போது மறந்திருக்காதாம்.

உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் நான் வந்து கதவைத் தட்டியபோது வாண்டு என்னைப் பார்த்து அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து அழுதாள். அவள் என் மடியில் உட்காரப் பழகுவதற்குள் என் விடுப்பு முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை அப்படி நடந்தால் என்னால் தாங்க முடியாது அக்கா. வேறு எதற்கும் நான் பயப்படவில்லை, அலைக்குக்கூட. அந்தச் சட்டையை நம்பித்தான் இருக்கிறேன்.

அவளிடம் கொடுத்ததும் என்ன செய்தாள் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் தம்பி


வீடு
மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? இருமல் போய்விட்டது. மானமும் அதோடு போய்விட்டது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மாடியில் அத்தனை பேர் முன்னால் தலையணைகளை எடுத்துக் கொடுத்தேன். சமையல்காரரின் மனைவி வாங்கியதும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக எடுத்தாள். "அக்கா, இதுல சோப்பு வாசனைதான் வருது" என்றாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "பின்னே? ரெண்டு தடவை அலசினேன்ல!" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நான் திட்டு வாங்கியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒரு பெண் மட்டும் ஓரமாகப் போய் நின்று அழுதாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு இது முதல் பயணம். அப்புறம்தான் தலைவர் எனக்கு விளக்கினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேம்மா, தப்பு என்னுதுதான்" என்றார். தைக்கிறவளிடம் துணியைக் கொடுத்தால் அழுக்கோடு தைப்பாள் என்று யார் நினைப்பார்கள், நீயே சொல்.

உன் மனைவி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க அண்ணி, சட்டைதானே" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எனக்குப் பிள்ளையும் இல்லை, கப்பலில் புருஷனும் இல்லை, அதனால்தான் இது எனக்குத் தோன்றவில்லை என்று அவர்கள் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

தம்பி, எப்படியாவது இன்னொரு சட்டை அனுப்பு. எல்லோரிடமும் வாங்கி அனுப்பு. இந்தத் தடவை தண்ணீர் இருக்கிற பக்கமே போகமாட்டேன்.

அக்கா


கப்பலில்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்று எழுதமாட்டேன், உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். பிறகு சமையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு தடவை அலசினேன்ல" என்ற இடத்தில் அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. இப்போது கப்பலில் யாராவது கொஞ்சம் சுத்தமாக வந்து நின்றால், "என்ன, அக்கா கையில மாட்டிட்டியா?" என்கிறார்கள். நீ பிரபலம்.

கேப்டனிடம் விஷயத்தைச் சொன்னோம். அழுக்குச் சட்டை போட்டால் தண்டனை கொடுக்கிற மனிதர், "துவைச்சவனுக்குத்தான் இந்த வாரம் தண்டனை" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். எல்லோரும் மறுபடி ஒரே சட்டையோடு கிடந்தோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, சரக்குப் படகில் அனுப்புகிறோம். படகுக்காரர் மூட்டையை வாங்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் சட்டையை இரவில் போட்டுக்கொண்டே தூங்கினேன். வாண்டு என் மார்பில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு கையை மேலே வைத்துக்கொள்வேன். சிரிக்காதே.

நீ அந்தப் பெண்களைப் பற்றி எழுதியதற்கு ஒன்று சொல்கிறேன். யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். நினைத்தால் என்னிடம் சொல்லு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி


வீடு
ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மூட்டை வந்தது. தெரு நாய்கள் சங்கத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்து முடித்தேன். சமையல்காரர் சட்டையைத் தைத்த பிறகு மிஷினே வெங்காய வாசனை அடிக்கிறது. உன் சட்டைக்கு மட்டும் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். டீசலும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை. சின்ன வயதில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து அப்படியே என் பாயில் விழுந்து தூங்குவாயே, கிட்டத்தட்ட அதே வாசனை. கொஞ்ச நேரம் தைக்கவில்லை. சரி, அதை விடு.

இந்தத் தடவை மாடியில் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருத்தியும் தலையணையை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். முதல் பயணக்காரரின் மனைவி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அவரேதான் அக்கா" என்று அழுதாள். நானும் அழுதேன். வயர்மேன் கீழே போய் நின்றுகொண்டார்.

உன் தலையணை கட்டிலில் இருக்கிறது. வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள், கொஞ்சம் உயரமாகியிருக்கிறாள். பழைய கவுன்களின் ஓரத்தையெல்லாம் பிரித்து இறக்கித் தைத்துவிட்டேன்.

அக்கா


கப்பலில்
மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அங்கே வெயில் எப்படி? நீ மத்தியானத்தில் மிஷினை மிதிக்காதே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை திருப்பித் திருப்பிப் படித்தேன். நாய் என்ன செய்தது என்று எழுதியிருக்கிறாய், வயர்மேன் எங்கே போய் நின்றார் என்று எழுதியிருக்கிறாய். என் மகள் அந்தத் தலையணையை வாங்கி என்ன செய்தாள் என்று எழுதவில்லையே? கட்டிலில் இருக்கிறது என்றால் யார் பக்கத்தில் இருக்கிறது? அவள் அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாளா? 'அப்பா' என்று சொன்னாளா?

சமையல்காரருக்கு அவர் மனைவி எழுதியிருக்கிறாள், "உங்க இஞ்சின்காரரோட பொண்ணு அத்தை இடுப்பை விட்டு இறங்கவே மாட்டேங்குது" என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். அவள் உன்னிடம் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

சீக்கிரம் எழுது.

உன் தம்பி


வீடு
மே 30

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

இங்கே சமையலறைக் குழாய் உடைந்துவிட்டது. சங்கத்துக் குழாய்க்காரர் ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் கை கொஞ்சம் முரடு. ஒரு திருகு திருகினார், குழாய் கையோடு வந்துவிட்டது. முன்னறை வரைக்கும் தண்ணீர். மருந்துக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வாளி வாளியாக இறைத்தார். வேன்காரர் என் மிஷினைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். புதுக் குழாய் போட்டாகிவிட்டது. ஆனால் இப்போது வெந்நீர் வரும் பக்கம் திருகினால் தண்ணீர் வருகிறது, தண்ணீர் பக்கம் திருகினால் ஒன்றுமே வருவதில்லை.

உன் மனைவிக்குப் பதவி உயர்வு வரும் போலிருக்கிறது. அவளே உனக்கு எழுதுவாள்.

மழை வரும் போல இருக்கிறது, துணியெல்லாம் வெளியே கிடக்கிறது. இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா


கப்பலில்
ஜூன் 12

அக்கா,

சுகம். குழாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

ஜூலை கடைசியில் கரைக்கு வருகிறோம். வாண்டுக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா? அது ஒன்றை மட்டும் எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி


வீடு
ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

நலம்தான். நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

உன் போட்டோவைக் காட்டினால், "அப்பா, கப்பல்" என்கிறாள். கப்பல் போட்டோவைக் காட்டினாலும் அதையேதான் சொல்கிறாள். தலையணையை அவள் கையில் கொடுத்தபோது மோந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கி, "பஸ்ஸு" என்று சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிட்டாள். எத்தனையோ தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், காலால் தள்ளிவிட்டு என் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். இதை எப்படி உனக்கு எழுதுவேன்?

அந்தத் தலையணை வீணாகிவிட்டது என்று நினைக்காதே. ஷிப்ட் முடிந்து வந்து உன் மனைவி அதன் மேல்தான் முகத்தை வைத்துத் தூங்குகிறாள். அவளிடம் நான் பார்த்ததாகச் சொல்லாதே, வெட்கப்படுவாள்.

இன்னொரு விஷயம். வடக்கே இருக்கிற துறைமுகத்திலும் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது. நம் தலையணை விஷயம் அவர்கள் காதுக்குப் போய், தைக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கிளம்புகிறேன். மழைக்காலம் முடியும் வரை அங்கேதான். உன் மனைவி, "இப்பவே போகணுமா அண்ணி?" என்று கேட்டாள். வேலை என்றால் போகத்தானே வேண்டும்.

வந்ததும் அவளைத் தூக்கப் பாயாதே. தரையில் உட்கார்ந்து ஏதாவது வேலையைப் பார். அவளே வருவாள்.

அக்கா


வீடு
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். புது ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? தங்க நல்ல அறையாகக் கொடுத்தார்களா?

நான் கரையில் இறங்கியபோது உன்னைத்தான் முதலில் தேடினேன், நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்தும். சங்கத்து வேன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. வாண்டு அவள் அம்மா இடுப்பிலிருந்து என்னை முறைத்துப் பார்த்தாள். அலறவில்லை. நீ சொன்னபடியே வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து குழாயைக் கழற்றி மாட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தாள். மறுநாள் என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் படுக்கப்போகிற நேரம் வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. "அத்தை வேணும்" என்று வாசலில் போய் நின்றுகொள்கிறாள். என்னை அடிக்கிறாள், தள்ளுகிறாள், மூச்சு முட்ட அழுகிறாள். அவள் அம்மா ஷிப்டுக்குப் போன பிறகு நானும் அவளும்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஞ்சினைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

உன் துணி ஏதாவது கொடுத்தால் தூங்குவாள் என்று அலமாரியைத் திறந்தேன். நீ விட்டுப்போன ஒவ்வொன்றும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கியிருக்கிறது. தலையணை உறை, போர்வை, கைத்துண்டு எல்லாமே. சோப்பு வாசனையைத் தவிர உன்னுடையது ஒன்றும் இந்த வீட்டில் இல்லை. ஒரு பழைய நைட்டியையாவது அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? நீ உடுத்தியது ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. இல்லையென்றால் நீயே வந்துவிடு. நாங்கள் மூன்று பேரும் கேட்கிறோம்.

உன் தம்பி


வடக்குத் துறைமுகம்
ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அறை நன்றாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கப்பல் பட்டறை தெரிகிறது. இங்கே இருக்கிற பெண்கள் கெட்டிக்காரர்கள், ஒரு தடவை சொன்னால் போதும், யாரும் துவைப்பதில்லை.

நைட்டி அனுப்பமாட்டேன். நானும் இப்போது வரமாட்டேன். தெரிந்துதான் எல்லாவற்றையும் துவைத்து வைத்துவிட்டு வந்தேன்.

உனக்கு ஒன்று எழுதாமலே விட்டுவிட்டேன். ஜனவரியில் நீ கிளம்பிப் போனாயே, அன்றைக்கு வாண்டு உன் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். "அப்பா வேணும்" என்று அழுதாள். உன் மடிக்கு அவள் எவ்வளவு பழகியிருந்தாள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ராத்திரியெல்லாம் அழுதாள், ஒரு வாரத்துக்கு மேல் அழுதாள். என்னை அடித்தாள், கடித்தாள், கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கப்பலில் இருக்கிறவனுக்கு இதை எழுதினால் அவன் அங்கிருந்து என்ன செய்வான் என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உன்னை அவள் மறக்கவில்லை தம்பி. உன்னைக் கேட்டு அழுது அழுது, தூக்கிவைத்திருந்த என்னிடம் ஒட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது என்னைக் கேட்டு அழுகிறாள். நீ தூக்கிக்கொள். அடித்தால் அடி வாங்கிக்கொள். அவளுடைய அம்மாவை ஒரு வாரம் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கச் சொல், ராத்திரி இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடங்கள். இடது தோளில் போட்டால்தான் தூங்குவாள். முதுகைத் தட்டாதே, தடவிக்கொடு. நான் நடுவில் வந்து நின்றால் உன் விடுப்பு முடியும்வரை அவள் என்னிடம்தான் இருப்பாள். எனக்கும் அவளைக் கொடுக்க மனசு வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பஸ் ஏறினேன்.

மழை முடிந்ததும் வருகிறேன். அத்தையாக வருகிறேன்.

வாண்டுவின் மஞ்சள் கவுனைக் காணோம் என்று தேடியிருப்பீர்கள். தேட வேண்டாம், என்னிடம்தான் இருக்கிறது. துவைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்.

அக்கா